வெட்டிய ரேஷனுக்கு விலை கொடுப்பவர் யார்?

ரோஹிங்கியா அகதிகளுக்கான கூட்டுத் திட்டத்துக்கு நிதி தரும் அரசுகளுக்கும், அதை நடத்தும் ஐ.நா. அமைப்புகளுக்கும், டாக்காவில் உள்ள வங்கதேச அரசுக்கும் ஒரு திறந்த மடல்

2025 ஜூனில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்னை இந்த மடலை எழுத வைத்தது. நிதி இல்லை என்ற காரணத்தால் வங்கதேசத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆசிரியர்கள் 1,179 பேரின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. கற்றல் மையங்கள் பூட்டப்பட்டன. ஏறக்குறைய 2,30,000 ரோஹிங்கியா பிள்ளைகளின் அடிப்படைக் கல்வி ஆபத்தில் இருக்கிறது என்று யுனிசெஃப் தானே அறிவித்தது. ஆகஸ்டில், வேலை இழந்த ஆசிரியர்கள் முகாம்களை ஒட்டிய உக்கியாவில் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள்.

அந்த ஆசிரியர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் உக்கியா, டெக்னாஃப் கிராமங்களின் இளைஞர்கள். பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். சிட்டகாங் வட்டார மொழி பேசுவதால், ரோஹிங்கியாப் பிள்ளைகளோடு முதல் நாளிலிருந்தே தடையின்றிப் பேச முடிந்தவர்கள். மாலையில் ஊர் திரும்பி டீக்கடையில் உட்காரும்போது, "எல்லாம் இந்த பர்மாக்காரர்களால் வந்தது" என்று யாராவது ஆரம்பித்தால், "அண்ணே, நான் தினமும் அவங்க பிள்ளைகளோடதான் இருக்கேன், அப்படிச் சொல்லாதீங்க" என்று மறுத்துப் பேசியவர்களும் இவர்கள்தான். அதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஊருக்கும் முகாமுக்கும் இடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே சமாதானம் பேசிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே சுற்றறிக்கையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர்கள் இப்போது யாரைக் குறை சொல்வார்கள்? ஜெனீவாவில் இருக்கும் உங்களையா, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அகதியையா?

உங்கள் ஏட்டில் இது கல்விச் செலவில் ஒரு சேமிப்பு. உக்கியாவில் இது வேறு கணக்கு. நீங்கள் முகாமுக்குள் வெட்டும் ஒவ்வொரு ரூபாயின் சுமையும் பாதி அகதியின் தலையிலும் பாதி உள்ளூர்க்காரரின் தலையிலும் இறங்குகிறது. இரண்டாவது பாதி எந்த அறிக்கையிலும் வருவதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர், கழிவு அகற்றல் வேலை செய்யும் பொறியாளர் நான். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. 2018-இல் முதன்முதலாக உக்கியா போனேன். பிறகு இடைவெளி விட்டு விட்டு, வெவ்வேறு வேலைகளாக, உக்கியாவிலும் டெக்னாஃபிலும் இருந்திருக்கிறேன். எந்த அமைப்பின் சார்பிலும் இதை எழுதவில்லை.

ரேஷனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாடம் ஏற்கெனவே ஒருமுறை நடத்தப்பட்டுவிட்டது. 2023 தொடக்கம் வரை ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலர். மார்ச்சில் அது 10 டாலராக, ஜூனில் 8 டாலராக இறங்கியது. நாளொன்றுக்கு 27 சென்ட். அந்த ஆண்டின் இறுதியில் குழந்தைகளின் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு 15 சதவீதத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி என்று வகுத்திருக்கும் எல்லை அது. 2024-இல் படிப்படியாக ஏற்றி 12.50 டாலருக்குக் கொண்டுவந்தீர்கள். சரி, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தோம். 2025 மார்ச்சில் 6 டாலராகப் பாதியாக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில் நிதி கிடைத்து 12 டாலரில் நின்றது. நின்றதற்கு நன்றி. ஆனால் அந்த அறிவிப்புக்கும் அதை விலக்கிக்கொண்டதற்கும் நடுவே இருந்த வாரங்களில் முகாமில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒரு வாய் குறையுமே! மலேசியாவுக்குப் படகு ஏற்றிவிடும் தரகர்கள் வீடு வீடாக வந்து போனார்கள். அதே ஆண்டு மே 9, 10 தேதிகளில் இரண்டு படகுகள் கவிழ்ந்து 427 பேர் இறந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் அஞ்சியது. அந்தப் படகுகளில் ஏறியவர்கள் எல்லாரும் ரேஷன் அறிவிப்பைக் கேட்டுத்தான் ஏறினார்கள் என்று நான் சொல்லவில்லை. பசி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் மனிதர்கள் எந்தத் திசையில் நடக்கத் தொடங்குவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொரு திசையும் உண்டு, அது முகாமின் பின்பக்க வேலி. ரேஷன் குறையும் மாதங்களில் ஆண்கள் விடியுமுன் கம்பிவேலி ஓட்டை வழியே வெளியேறுகிறார்கள். உப்பளத்துக்கு, வெற்றிலைத் தோட்டத்துக்கு, செங்கல் சூளைக்கு, மீன்பிடிப் படகுக்கு. சட்டப்படி அவர்களுக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. அதனால் பேரம் பேசும் உரிமையும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காமல் விட்டாலும் போலீஸிடம் போக முடியாது. இதனால் லாபம் அடைபவர் தோட்ட முதலாளி. நட்டம் அடைபவர், அதே தோட்டத்தில் நேற்றுவரை வேலை பார்த்த உள்ளூர்க் கூலித் தொழிலாளி. டெக்னாஃபில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "அவன் பசிக்கு வர்றான்மா, அவன் மேல கோபம் இல்லை. ஆனா என் கூலி எங்கே போச்சு?" அவர் குடும்பத்துக்கு மியான்மர் எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றில் மீன்பிடிப்பது இன்னொரு பிழைப்பாக இருந்தது. 2017-இல் பாதுகாப்புக் காரணம் காட்டி அதற்கும் தடை விதித்தார்கள். தடை பல ஆண்டுகள் நீடித்தது. ஆறும் போய், வயலும் போன ஒருவரிடம் மனிதாபிமானத்தைப் பற்றி நாம் வகுப்பெடுக்க முடியாது.

எடுக்கவும் தேவையில்லை. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிந்தைய மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது, உங்கள் லாரிகள் வருவதற்கு முன்னால் சோறு வடித்துப் போட்டவர்கள் இந்த உக்கியா, டெக்னாஃப் மக்கள்தான். முற்றத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் இடம் கொடுத்தார்கள். 1978-இலும் 1991-92-இலும் இதையே அவர்களின் பெற்றோர் செய்தார்கள். இன்று 33 முகாம்களில், சுமார் 24 சதுர கிலோமீட்டரில், பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். உக்கியா, டெக்னாஃப் என்ற இரண்டு உபசிலாக்களின் (நம் வட்டங்களைப் போன்றவை) உள்ளூர் மக்கள்தொகை அதில் ஏறக்குறைய பாதிதான். சொந்த ஊரில் சிறுபான்மையாகிப்போனவர்கள் இத்தனை ஆண்டுகள் பெரிய கலவரம் எதற்கும் போகாமல் பொறுத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பொறுமையை எந்த நாடும் தன் நிதி உதவிப் பட்டியலில் வரவு வைக்கவில்லை.

இனி என் துறை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 கடைசியில் அவசரமாகப் போட்ட அடிபம்புகள் ஆழம் குறைந்தவை. மேட்டில் கழிப்பறைக் குழி, பள்ளத்தில் அடிபம்பு. தண்ணீரைச் சோதித்தால் மலக்கிருமி. பிறகு ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, சோலார் மோட்டார் வைத்து, மேட்டுத் தொட்டியில் ஏற்றி, குளோரின் கலந்து, தெருக்குழாய் வரை கொண்டுவந்தோம். நல்ல வேலை. உக்கியா பக்கம் நிலத்தடி நீர் இருப்பதால் அது முடிந்தது. டெக்னாஃப் அப்படி இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நாஃப், நடுவில் மலை. ஆழத்தில் நம்பத்தக்க நீரோட்டம் பல இடங்களில் கிடையாது. ஓடைகளை மறித்துத் தேக்கிய நீரைச் சுத்திகரித்துத்தான் கொடுக்க வேண்டும். மழை தாராளமாகப் பெய்கிற ஊர்தான், ஆனால் பிப்ரவரி தாண்டினால் தேக்கம் வற்றும், லாரித் தண்ணீர் ஓடும். ராமநாதபுரத்தில் பிறந்த எனக்கு குடத்தோடு நிற்கும் வரிசை புதிதல்ல. மழைக்காலத்தில் முழங்கால் சேறு இருக்கும் ஊரில் கோடையில் அதே வரிசையைப் பார்த்ததுதான் புதிது.

அங்கே ஒரு முகாமில் குழாய் வலைப்பின்னல் போட்டுக்கொண்டிருந்தோம். வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் உள்ளூர்க் கிராமம். அவர்களின் அடிபம்புகள் மாசி, பங்குனியில் காற்றைத்தான் துப்பும். கூடுதலாகக் கொஞ்சம் குழாய் நீட்டினால், ஒரு சிறிய தொட்டி கட்டினால், அந்தக் கிராமத்துக்கும் தண்ணீர் போகும். வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நிதி கொடுத்த தரப்பிலிருந்து பதில் வந்தது: இந்தப் பணம் அகதிகளுக்கு ஒதுக்கப்பட்டது, உள்ளூர்ச் சமூகத்துக்கான ஒதுக்கீடு வேறு தலைப்பில் வரும், அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்தோம். அந்தத் தலைப்பில் அந்த ஆண்டு தையல் எந்திரங்கள் கொடுத்தார்கள்.

குழாய் வேலியோடு நின்றது. ஆனால் மழை பெய்ததும் முகாமின் கழிவு நீர் வேலியைத் தாண்டி, தண்ணீர் கேட்ட அதே கிராமத்தின் நெல் வயலுக்குள் இறங்கியது. அதற்கு எந்தத் தலைப்பும் தடையாக இல்லை.

உள்ளூர் மக்கள் அகதிகளைப் பார்த்து, ஒரு கண்ணில் வெண்ணெய் மறு கண்ணில் சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். முகாமுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும், இரண்டு கண்ணிலும் சுண்ணாம்புதான். மூங்கிலும் தார்ப்பாயும்தான் வீடு. நிரந்தரமான எதையும் கட்டக் கூடாது என்பது விதி. மூங்கிலை வண்டு அரித்து, மழைக்கு மழை மாற்ற வேண்டியிருக்கிறது. பல பெண்கள் மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை, இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயம். பெண் பொறியாளர் என்பதால் இதை என்னிடம் சொன்னார்கள். விளக்குக் கம்பம் வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதினேன். விளக்கு வந்தது, சில மாதங்களில் பேட்டரி போனது, பேட்டரி மாற்றப் பராமரிப்புச் செலவுத் தலைப்பு இல்லை. (வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வரும் வழியில் இருந்த விளக்குகள் மட்டும் எரிந்தன. அந்த வழியில் இருந்த ஒரு தெருக்குழாயைப் போல உலகில் வேறெந்தக் குழாயும் இத்தனை முறை படம் எடுக்கப்பட்டிருக்காது.)

ஒரு விஷயத்தில் நீங்கள் சரியாகச் செய்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2017, 2018-இல் விறகுக்காக டெக்னாஃப் காடு மொட்டையானது. வேரைக்கூடத் தோண்டினார்கள். குட்டுபலாங் முகாம் யானைகள் காலங்காலமாகப் போய்வந்த தடத்தின் மேல் எழுந்தது. தொடக்க மாதங்களில் யானை மிதித்துப் பத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இறந்தார்கள். 2018-இல் சமையல் எரிவாயு சிலிண்டர் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. குன்றுகளில் மறுபடியும் பச்சை தெரிந்தது. விறகு பொறுக்கப்போன பெண்கள் காட்டில் பட்ட தொல்லை குறைந்தது. காடு பொதுச் சொத்து என்பதால் இதன் பலன் உள்ளூர் மக்களுக்கும் சேர்ந்தது. அகதிக்குச் செய்யும் உதவி உள்ளூருக்கும் உதவியாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதையும் விட்டுவைக்கவில்லை: 2025 ஜூலையில், நிதி வராவிட்டால் எரிவாயு தீர்ந்துவிடும் என்று அகதிகள் ஆணையம் எச்சரிக்க வேண்டி வந்தது. சிலிண்டர் நின்றால் அடுத்த வாரமே அரிவாளோடு காட்டுக்குப் போவார்கள். வேறென்ன செய்வார்கள், அரிசியைப் பச்சையாகவா தின்ன முடியும்?

டாக்காவுக்கு எழுதும்போது மரியாதையோடுதான் எழுத வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, மக்கள் நெருக்கத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு, எல்லையைத் திறந்து வைத்தது. பணக்கார நாடுகள் பல செய்யாததை நீங்கள் செய்தீர்கள். ஆனால் அதன் பிறகான எல்லா விதிகளும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: இவர்கள் நாளையே திரும்பிவிடுவார்கள். அதனால் வேலை இல்லை, உறுதியான வீடு இல்லை, ஊர்ப் பள்ளி இல்லை. 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் பட்டியல் தயாரித்துப் பேருந்துகளை நிறுத்தி வைத்தீர்கள். யாரும் ஏறவில்லை. ரோஹிங்கியாக்களைக் குடிமக்களாக ஏற்காத மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் அப்படியே இருக்க, எதை நம்பி ஏறுவார்கள்? 2024 டிசம்பரில் எல்லைக்கு அப்பால் உள்ள மௌங்டா நகரம் அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போன பிறகு, யாரோடு பேசித் திருப்பி அனுப்புவது என்பதே குழப்பமாகிவிட்டது. அதற்குள் 2024 தொடக்கத்திலிருந்து மேலும் ஒன்றரை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நிரம்பி வழிந்த உறவினர் குடிசைகளில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முள்வேலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2021 மார்ச் 22 அன்று பாலுகாலி முகாமில் தீப்பிடித்தபோது 15 பேர் இறந்தார்கள், 45,000 பேர் வீடிழந்தார்கள். வேலியால் ஓட முடியவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அந்த வேலி உள்ளூர்க் குடும்பங்கள் சிலவற்றையும் உள்ளே வைத்து அடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள், தங்கள் சொந்த வீட்டுக்குப் போக வாசல் காவலில் அடையாள அட்டை காட்டுகிறார்கள். யாரிடமிருந்து யாரைக் காப்பதற்கு அந்த வேலி? இரவில் ஆயுதக் குழுக்கள் உள்ளேதான் நடமாடுகின்றன. 2021 செப்டம்பரில் ரோஹிங்கியாத் தலைவர் மொஹிப் உல்லா தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேலியால் அதைத் தடுக்க முடியவில்லை.

வேலை கொடுத்தால் திரும்பமாட்டார்கள், படிப்பு கொடுத்தால் வேரூன்றிவிடுவார்கள் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதற்கு என் ஊரிலிருந்து ஒரு பதில் உண்டு. மண்டபம் முகாமுக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவள் நான். 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் எங்கள் அரசுப் பள்ளியில் எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ரேஷன் கொடுத்தார்கள். கூலி வேலைக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. அப்போது எங்கள் ஊரிலும் முணுமுணுத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் சண்டையும் வந்தது. ஆனால் முகாமுக்குத் தனிப் பள்ளி, ஊருக்குத் தனிப் பள்ளி என்று பிரிக்காததால் சண்டை குழாயடியோடு முடிந்தது. போர் ஓய்ந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் தாங்களாகவே ஊர் திரும்பினார்கள். இங்கே படித்த படிப்பு அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. ஊர் திரும்பியதும் அது அவர்களுக்குச் சோறு போட்டது.

இதைச் சொல்லித் தமிழ்நாட்டை மெச்சிக்கொள்ள வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகியும் அந்த மக்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைத் தொடவே இல்லை. அவர்களது வீடுகளில் பாதி ஒழுகிக்கொண்டிருந்த நிலையில்தான் 2021-இல் தமிழக அரசு 7,469 வீடுகளைக் கட்டித்தருவதாக அறிவித்தது. இருந்தும், கூலியும் பள்ளியும் திறந்திருந்த ஒரே காரணத்தால் அங்கே முகாமும் ஊரும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. சுமார் 58,000 பேரும் பதினோரு லட்சம் பேரும் ஒன்றல்ல என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எல்லை வைத்து, நிபந்தனை வைத்துத் தொடங்கச் சொல்கிறேன்.

இந்தியக் குடிமகளாக இருந்துகொண்டு வங்கதேசத்துக்கு யோசனை சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் நாட்டில் ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கும் ரோஹிங்கியாக்கள் 2021-இலிருந்து ஜம்முவின் ஹிராநகர் சிறையில் அடைபட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் டெல்லியில் பிடிக்கப்பட்ட ஏறக்குறைய நாற்பது பேரைக் கப்பலில் ஏற்றி அந்தமான் கடலில் இறக்கிவிட்டதாக எழுந்த குற்றச்சாட்டு குறித்து மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணை தொடங்கினார். சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ரோஹிங்கியாக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. பழைய பொருட்கள் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். என் அரசிடம் கேட்க வேண்டியது தனி மடல். இங்கே ஒன்று மட்டும்: பக்கத்து வீட்டுக்காரர் பதினோரு லட்சம் பேரைச் சுமக்கும்போது, புதுடெல்லி தன்னிடம் இருக்கும் சில ஆயிரம் பேரை எல்லைக்குத் தள்ளுவதை நிறுத்த வேண்டும்.

இனி நான் கேட்பவை.

நிதி தரும் அரசுகளிடம்: பூட்டிய வகுப்புகள் அனைத்தையும் திறக்கவும், நீக்கப்பட்ட உள்ளூர் ஆசிரியர்களைத் திரும்ப எடுக்கவும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான பணத்தை ஒரே தவணையில் உறுதி செய்யுங்கள். ஆண்டுக்கு ஆண்டு கையேந்த வைக்கும் முறையில் ஒரு பள்ளியை நடத்த முடியாது. உணவுக்கு 12 டாலர் என்பதைக் கீழே இறங்கக் கூடாத கோடாக அறிவியுங்கள்; விலைவாசி ஏறினால் அதையும் ஏற்றுங்கள். சமையல் எரிவாயுவை உணவின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள். 2024-இல் வந்த நிதியில் பாதிக்கும் மேல் அமெரிக்கா ஒன்றே கொடுத்தது; அது கையை இழுத்துக்கொண்டதும் எல்லாம் ஆட்டம் கண்டது. ஒரு தூணில் கட்டடம் நிற்காது என்பது தெரிந்தும் மற்றவர்கள், குறிப்பாக வளைகுடா நாடுகளும் ஆசியான் நாடுகளும், ஒதுங்கி நிற்பது நியாயமில்லை.

ஐ.நா. அமைப்புகளிடம்: தண்ணீர்த் திட்டத்தை வேலியை வைத்து வரையாதீர்கள், நீர் ஓடும் பாதையை வைத்து வரையுங்கள். ஓர் ஓடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதன் கரையில் இருக்கும் முகாமும் கிராமமும் ஒரே திட்டத்தில், ஒரே தலைப்பில், ஒரே பணத்தில் வர வேண்டும். டெக்னாஃபில் இரு தரப்புக்கும் பொதுவான நீர்த்தேக்கங்களுக்கு முதலிடம் கொடுங்கள். கட்டும் செலவோடு பராமரிக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். நிதியில் நான்கில் ஒரு பங்காவது உள்ளூர் மக்களுக்கு என்று டாக்கா நீண்ட காலமாகக் கேட்டு வருகிறது. அந்தப் பங்கு எந்த யூனியனுக்கு (நம் ஊராட்சி போன்றது), எந்த வேலைக்கு, எவ்வளவு போனது என்பதை வங்காள மொழியில் ஊர் ஊராக வெளியிடுங்கள். தையல் எந்திரமும் ஆட்டுக்குட்டியும் போதும், கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் வண்டிகள் உடைத்த உக்கியா-டெக்னாஃப் சாலையையும், இரு தரப்பும் போய் நிற்கும் உபசிலா மருத்துவமனைகளையும் சரிசெய்யுங்கள்.

டாக்கா அரசிடம்: இரண்டு உபசிலாக்களுக்குள், ஆள் பற்றாக்குறை உள்ள குறிப்பிட்ட தொழில்களில், அட்டை வழங்கி, உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலியை எழுத்தில் கட்டாயமாக்கி, அகதிகளை வேலை செய்ய விடுங்கள். ஓர் ஆண்டு சோதனையாகத் தொடங்குங்கள். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு அபராதம் போடுங்கள், அகதிக்கு அல்ல. திருட்டுத்தனமாக நடப்பதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் முதலில் நிம்மதி அடைபவர் உங்கள் குடிமகனான அந்தக் கூலிக்காரர்தான். முள்வேலியில் தீ வழிகளை உடனே திறங்கள்; வேலிக்குள் சிக்கிய உள்ளூர்க் குடும்பங்களுக்கு அவர்கள் கேட்கும் வழியையோ இழப்பீட்டையோ கொடுங்கள். ஒன்றிரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கும் வீடுகளை அனுமதியுங்கள். புதிதாக வந்த ஒன்றரை லட்சம் பேருக்கு இடம் ஒதுக்குங்கள். முகாம் வகுப்புகளில் தேறிய பிள்ளைக்கு நீங்களும், எதிர்காலத்தில் மியான்மரும் ஏற்கத்தக்க ஒரு சான்றிதழ் கிடைக்க வழி செய்யுங்கள். திரும்பிப் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பும் பிள்ளைக்கு அது இல்லாமல் முடியாது.

மூன்று தரப்பிடமும் சேர்த்துக் கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டுத் திட்டத்தின் வரைவை ஜெனீவாவில் வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பே உக்கியாவுக்கும் டெக்னாஃபுக்கும் கொண்டுவாருங்கள். யூனியன் பரிஷத் அலுவலகங்களில் வங்காளத்தில் ஒட்டுங்கள். முகாம்களில் பலருக்கு எழுத்து தெரியாது. புயல் எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அதே ஒலிபெருக்கிகளில் ரோஹிங்கியா மொழியில் வாசித்துக் காட்டுங்கள். மாஜிகள் எனப்படும் முகாம் தலைவர்களை மட்டும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நீக்கப்பட்ட ஆசிரியர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் அதே கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை அந்த வரைவின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தண்ணீர்ப் பொறியாளர்,
ராமநாதபுரம் மாவட்டம்.